பச்சை மத்தாப்பும் காந்த நட்சத்திரமும்



தீபாவளி இரவு. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள திருவேங்கடத்தில் ஒரு தெரு. ஒரு வீட்டு வாசலில் சிவப்பு மத்தாப்பு எரிகிறது. எதிர் வீட்டில் பச்சை. தெருமுனையில் வெள்ளையாகப் பொங்குகிறது ஒரு புஸ்வாணம். ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்து புகைதான் மிஞ்சுகிறது.

இந்தப் பட்டாசுகள் எங்கிருந்து வந்தன என்று திருவேங்கடத்துப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதே இல்லை. வடகிழக்கே கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் சிவகாசி. கிழக்கே கோவில்பட்டி. தீப்பெட்டியும் பட்டாசும்தான் இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. மழை பெய்தால் விளையும் கரிசல் காடு. மழை பொய்த்தால் தீப்பெட்டி வேலை, பட்டாசு வேலை. இதுதான் இங்கே பல தலைமுறை வழக்கம்.

அப்படிப்பட்ட ஊர்க்காரர்களை சில ஆண்டுகளாக ஒரு சொல் தூங்கவிடாமல் செய்கிறது. அந்தச் சொல், பேரியம்.

செய்தித்தாளில் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பீர்கள். 'பேரியத்துக்குத் தடை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வரும். பேரியம் என்றால் என்ன? அதை ஏன் தடை செய்தார்கள்? ஒரு பட்டாசுக்குள் அது இருக்கிறதா, இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால், நாம் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி ஒரு நட்சத்திரத்தில் போய் நிற்போம். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

கைக்குழந்தைகள் போட்ட வழக்கு

2015-ஆம் ஆண்டு டெல்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய அப்பாக்கள் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டார்கள். 'எங்களுக்குச் சுத்தமான காற்று வேண்டும்' என்பதுதான் வழக்கின் சாரம். டெல்லியின் புகை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் புகைக்குப் பட்டாசும் ஒரு காரணம் என்று வாதாடினார்கள்.

2018 அக்டோபர் 23-இல் தீர்ப்பு வந்தது. பட்டாசுக்கு முழுத் தடை இல்லை. ஆனால் புகையும் சத்தமும் குறைந்த 'பசுமைப் பட்டாசு' மட்டுமே தயாரிக்க வேண்டும், சரவெடி கூடாது, பேரியம் உப்புகளைச் சேர்க்கக் கூடாது என்றது நீதிமன்றம். 2021 அக்டோபரில் இதையே மறுபடியும் உறுதி செய்தது. பேரியத்தைக் குறைந்த அளவிலாவது பயன்படுத்த அனுமதி வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்கள். 2023 செப்டம்பரில் அந்தக் கோரிக்கையும் தள்ளுபடி ஆனது.

பேரியத்தை ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறார்கள்? பச்சை நிறத்துக்காக மட்டும் அல்ல. பேரியம் நைட்ரேட் சூடானால் ஆக்சிஜனை வெளிவிடும். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம் இவையெல்லாம் நின்று நிதானமாக எரிய அந்த ஆக்சிஜன் உதவுகிறது. அதை எடுத்துவிட்டால் வேறு கலவை தேட வேண்டும், விலை கூடும், வேலை குறையும் என்பது சிவகாசிக்காரர்களின் கவலை. பேரியம் உப்புகளில் நீரில் கரையக்கூடியவை நச்சுத் தன்மை உள்ளவை. புகையோடு நுரையீரலுக்குள் போனால் கெடுதல் என்பது மறுபக்கத்தின் கவலை. இரண்டு பக்கத்திலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். ஒரு பக்கம் மூச்சு, மறுபக்கம் சோறு. அதனால்தான் இந்த வழக்கு இத்தனை ஆண்டுகள் நீண்டது.

இதற்கு நடுவில் இன்னொரு சிக்கல் வந்தது. தடை செய்த பிறகும் சில பட்டாசுகளில் பேரியம் இருக்கிறது, பெட்டியின் மேல் லேபிளில் ஒன்று, உள்ளே வேறொன்று என்று புகார் எழுந்தது. 2020-இல் இதை விசாரிக்கும்படி சென்னை சி.பி.ஐ. அதிகாரியிடம் நீதிமன்றம் சொன்னது. மாதிரிகள் ஆய்வுக்கூடத்துக்குப் போயின.

லேபிள் பொய் சொல்லலாம். அப்படியானால் உண்மையை யாரிடம் கேட்பது? ஆய்வுக்கூடங்களில் அதற்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் மிக அழகான வழி, பொருளை எரித்து அதன் ஒளியைக் கேட்பதுதான்.

ஒளியின் கையெழுத்து

அடுப்பில் உலை பொங்கி, உப்புப் போட்ட நீர் தீயில் வழிவதைப் பார்த்திருக்கிறீர்களா? நீலமாக எரியும் காஸ் சுவாலை சட்டென்று மஞ்சளாகும். அந்த மஞ்சள், உப்பில் உள்ள சோடியத்தின் நிறம். ஸ்ட்ரான்ஷியம் சேர்ந்தால் சிவப்பு. செம்பு சேர்ந்தால் நீலம். பேரியமும் குளோரினும் தீக்குள் கைகோத்தால் பச்சை. தீபாவளி இரவில் தெருவில் நின்று நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன மருந்து என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் நிறம் மட்டும் போதாது. இரண்டு மூன்று பொருள்கள் கலந்திருந்தால் கண் ஏமாந்துபோகும். அதற்காகத்தான் ஒளியைப் பிரித்துப் பார்க்கிறார்கள். மழை நாளில் வானவில் வெயிலை ஏழு நிறமாகப் பிரிக்கிறதல்லவா? அதே வேலையைக் கண்ணாடிப் பட்டகத்தால் செய்யலாம். இப்படிப் பிரிந்த ஒளிப் பட்டைக்கு நிறமாலை என்று பெயர். சோடியத்தின் ஒளியைப் பிரித்தால் மஞ்சள் பகுதியில் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று 589.0 நானோமீட்டர், மற்றது 589.6 நானோமீட்டர். உலகத்தில் எங்கே சோடியம் இருந்தாலும் அதே இடத்தில் அதே இரண்டு கோடுகள். வேறு எந்தத் தனிமத்துக்கும் இந்தக் கையெழுத்து கிடையாது.

1814-இல் ஜெர்மனியைச் சேர்ந்த பிரான்ஹோபர் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அதில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கறுப்புக் கோடுகள் இருந்தன. அவை என்ன என்று அவருக்கே புரியவில்லை. 1835-இல் பிரான்ஸ் நாட்டுத் தத்துவ அறிஞர் அகஸ்த் காம்ட், 'நட்சத்திரங்கள் எந்தப் பொருளால் ஆனவை என்பதை மனிதன் ஒருநாளும் அறிய முடியாது' என்று எழுதினார். நியாயம்தானே? அங்கே போய் ஒரு கரண்டி அள்ளி வரவா முடியும்?

கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. 1859-இல் ஜெர்மனியின் கிர்க்காஃப், புன்சன் இருவரும் அந்தக் கறுப்புக் கோடுகளின் ரகசியத்தை உடைத்தார்கள். சூடான ஆவி தன் கோடுகளில் ஒளியை வெளிவிடும். அதன் பின்னால் இன்னும் சூடான ஒளி இருந்தால், அதே கோடுகளில் ஒளியை விழுங்கிக் கறுப்பாக்கும். ஆக, சூரியனின் கறுப்புக் கோடுகள் சூரியனின் மேல் அடுக்கில் உள்ள தனிமங்களின் கையெழுத்து!

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18-இல் முழுச் சூரிய கிரகணம். ஆந்திராவின் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் கருவிகளோடு காத்திருந்தார்கள். மசூலிப்பட்டினத்தில் இருந்தவர் சென்னை வானாய்வகத்தின் போக்சன். மறைந்த சூரியனின் விளிம்பில் பிரகாசமான மஞ்சள் கோடு ஒன்று தெரிந்தது. அது சோடியத்தின் இடத்தில் சரியாகப் பொருந்தவில்லை. பூமியில் அதுவரை யாரும் பார்த்திராத ஒரு தனிமம்! சூரியனின் கிரேக்கப் பெயரான ஹீலியோஸ் என்பதிலிருந்து அதற்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஹீலியம் பூமியில் அகப்பட்டது 1895-இல்தான். பூமியில் கிடைப்பதற்கு 27 ஆண்டுகள் முன்பே ஒளி அதைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

வசிஷ்டருக்குப் பக்கத்தில் ஒருவர்

இப்போது மொட்டை மாடிக்கு வாருங்கள். சித்திரை, வைகாசி மாத இரவுகள் இதற்கு நல்லவை. கோடை விடுமுறை வேறு! வடக்குப் பார்த்து நின்றால் ஏழு நட்சத்திரங்கள் கரண்டி போலத் தெரியும். அதுதான் சப்தரிஷி மண்டலம். நம் ஊரிலிருந்து பார்த்தால் அந்த நேரத்தில் கரண்டி கவிழ்த்து வைத்தது போல இருக்கும்.

கரண்டியின் காம்பில் மூன்று நட்சத்திரங்கள். கடைசியில் இருப்பவர் மரீசி. நடுவில் வசிஷ்டர். அவர் பக்கத்திலேயே மங்கலாக அருந்ததி. கல்யாண வீட்டில் புதுப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் 'அருந்ததி தெரிகிறதா?' என்று காட்டுவார்களே, அதே அருந்ததி. காம்பில் மூன்றாவது, கரண்டியின் குழிக்கு ஒட்டினாற்போல் இருப்பவர் அங்கிரஸ். மேல்நாட்டார் இதை அலியாத் என்பார்கள்.

எல்லாரும் அருந்ததியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரான அங்கிரஸை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் விஞ்ஞானிகள் கவனித்தார்கள். ஏனென்றால் இவர் விசித்திரமானவர்.

முதல் விசித்திரம், இவர் ஒரு காந்தம். வானத்தில் இந்த வகைக் காந்த நட்சத்திரங்களில் மிகப் பிரகாசமானவர் இவர்தான். இரண்டாவது விசித்திரம், இவருடைய ஒளியில் குரோமியம் போன்ற உலோகங்களின் கோடுகள் சாதாரண நட்சத்திரங்களில் இருப்பதைவிட அழுத்தமாக இருக்கின்றன. மூன்றாவதுதான் பெரிய விசித்திரம். அந்தக் கோடுகள் நாளுக்கு நாள் மாறுகின்றன! கொஞ்சம் அழுத்தமாகும், மெலியும், சாயும், நிமிரும். 5 நாளும் 2 மணி நேரமும் ஆனதும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

ஏன் அப்படி? நட்சத்திரம் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. ஒரு சுற்றுக்கு 5 நாளும் கொஞ்சமும் ஆகிறது. அதன் மேற்பரப்பில் தனிமங்கள் சீராகப் பரவியிருந்தால், எந்தப் பக்கம் நம்மைப் பார்த்தாலும் கோடு ஒரே மாதிரி இருக்க வேண்டும். மாறுகிறது என்றால், ஒரு பக்கத்தில் அதிகம், மறுபக்கத்தில் குறைவு என்று பொருள். அதாவது நட்சத்திரத்தின் மேல் திட்டுத் திட்டாக வேதிப்பொருள்கள் ஒட்டிக் கிடக்கின்றன. தோசையில் ஒரு பக்கம் மட்டும் பொடி தூவியது போல!

ஊதல் ஊதும் ராட்டினம்

சரி, அந்தத் திட்டு எந்த இடத்தில் இருக்கிறது? கிட்டப் போய்ப் பார்க்க முடியாது. அங்கிரஸ் சுமார் 82 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இன்று நீங்கள் பார்க்கும் அதன் ஒளி, நம் நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே அங்கிருந்து புறப்பட்டது. சூரியனைவிட நான்கு மடங்கு அகலமாக இருந்தும் அது நமக்கு ஒரு புள்ளிதான். கன்னியாகுமரியில் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்திவிட்டுக் காஷ்மீரின் வடகோடியிலிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த நாணயத்தில் உள்ள அழுக்கை எங்கே போய்த் தேடுவது?

இதற்கு ஆடித்தபசுத் திருவிழாவைத் துணைக்கு அழைப்போம். சங்கரன்கோவில் ஆடித்தபசு கூட்டத்தில் ஒரு குடை ராட்டினம் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு. நீங்கள் தூரத்தில் நிற்கிறீர்கள். ராட்டினம் கண்ணுக்குத் தெரியவில்லை. அதில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் மட்டும் பீப்பீ ஊதலை விடாமல் ஊதுகிறான்.

அவன் உங்களை நோக்கி வரும்போது ஊதல் சத்தம் கொஞ்சம் கீச்சென்று உயரும். விலகிப் போகும்போது தணியும். நம் பக்கம் வரும் பஸ்ஸின் ஹாரன் ஒரு மாதிரியும், தாண்டிப் போன பிறகு வேறு மாதிரியும் கேட்கிறதே, அதே விஷயம்தான். இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கவனித்தாலே, பையன் இப்போது வருகிற பக்கத்தில் இருக்கிறானா, போகிற பக்கத்தில் இருக்கிறானா என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் சொல்லலாம். வெளி ஓரத்துக் குதிரையில் இருப்பவன் வேகமாகச் சுற்றுவான். அவனுடைய ஊதல் நன்றாக ஏறி இறங்கும். நடுத் தூணுக்குப் பக்கத்தில் இருப்பவன் மெதுவாகச் சுற்றுவான். அவன் ஊதல் லேசாகத்தான் ஏறி இறங்கும். ஆக, சத்தத்தை வைத்தே எந்த வரிசைக் குதிரை என்பதும் தெரிந்துவிடும்!

ஊதலுக்குப் பதிலாக நிறமாலைக் கோட்டை வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரத்தின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது. அங்கிருந்து வரும் ஒளி நீலப் பக்கம் இம்மியளவு நகரும். மறுவிளிம்பு விலகிப் போகிறது. அங்கிருந்து வரும் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். அதனால் கோடு மெலிதாக இல்லாமல் அகலமாகப் பட்டையடித்துத் தெரியும். அந்தப் பட்டையின் இடது ஓரம் நட்சத்திரத்தின் ஒரு விளிம்பு. நடுப்பகுதி அதன் நடு. வலது ஓரம் மறுவிளிம்பு. மேற்பரப்பில் குரோமியம் மிகுந்த ஒரு திட்டு இருந்தால், பட்டைக்குள் ஒரு சிறு பள்ளமாகத் தெரியும். நட்சத்திரம் சுற்றச் சுற்ற அந்தப் பள்ளம் நீல ஓரத்திலிருந்து சிவப்பு ஓரத்துக்கு ஊர்ந்து போகும். திட்டு நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் பள்ளம் ஓரத்திலிருந்து ஓரம் வரை போகும். துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நடுவிலேயே கொஞ்சம் அசைந்துவிட்டு நின்றுவிடும்.

பல இரவுகள் இப்படிப் பார்த்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கொடுத்தால், 'எந்த மாதிரி மேற்பரப்பு இருந்தால் இத்தனை நாள் கோடுகளும் இப்படி மாறும்?' என்று அது கணக்குப் போட்டு ஒரு வரைபடம் தரும். புள்ளியாகத் தெரியும் நட்சத்திரத்துக்கு ஒரு பூகோளப் படம்!

அங்கிரஸுக்கு அப்படிப் படம் வரைந்திருக்கிறார்கள். 1990-களில் கனடாவின் ரைஸ், வெஹ்லாவ் போன்றவர்கள் அதன் ஆக்சிஜனை வரைந்தார்கள். 2003-இல் வியன்னா ஆய்வாளர்கள் கால்சியம், குரோமியம், இரும்பு, மக்னீசியம், மாங்கனீஸ், டைட்டானியம், ஸ்ட்ரான்ஷியம் என்று ஏழு தனிமங்களுக்குப் படம் வெளியிட்டார்கள். கவனித்தீர்களா? சிவப்பு மத்தாப்பில் எரியும் அதே ஸ்ட்ரான்ஷியம்தான்! குரோமியம் மிகுந்த இடம் வேறு, ஆக்சிஜன் மிகுந்த இடம் வேறு என்று தெரிந்தது.

களத்தில் காற்று, வயலில் வரப்பு

கொதிக்கும் நட்சத்திரத்தில் எல்லாம் கலந்துபோகாதா? திட்டுத் திட்டாக எப்படி நிற்கும்?

களத்தில் கம்பு, சோளம் தூற்றுவதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். முறத்தில் அள்ளி மேலிருந்து விடுவார்கள். தானியம் நேரே கீழே விழும். உமியைக் காற்று அடித்துக்கொண்டு போகும். அந்த நட்சத்திரங்களில் ஒளியே காற்று. உள்ளிருந்து வெளியே வரும் ஒளி, தன்னை நிறைய விழுங்கும் தனிமங்களை மேலே தள்ளுகிறது. ஒளியை அதிகம் விழுங்காதவை எடை தாளாமல் மெல்லக் கீழே அமிழ்கின்றன. 1970-இல் கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் மிஷோ இந்த விளக்கத்தைத் தந்தார். இது நடக்க நட்சத்திரம் அமைதியாக இருக்க வேண்டும். புயலில் யாராவது தூற்றுவார்களா? காந்தப்புலம் அந்த அமைதியைக் காக்கிறது.

அதோடு காந்தப்புலம் வரப்பாகவும் இருக்கிறது. மின்னேற்றம் பெற்ற அணுக்கள் காந்தக் கோட்டின் வழியே எளிதாகப் போகும். குறுக்கே தாண்டிப் போவது கஷ்டம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது போல. அதனால்தான் ஒரு தனிமம் காந்தத் துருவத்தின் அருகிலும், வேறொன்று நடுப்பகுதியிலும் சேர்கிறது. ஒன்றை மறக்காதீர்கள். இது மேல் அடுக்கின் கதை மட்டுமே. உள்ளே போனால் மற்ற நட்சத்திரங்களைப் போல ஹைட்ரஜனும் ஹீலியமும்தான்.

காந்தம் இருப்பது மட்டும் எப்படித் தெரிந்தது? அதையும் ஒளிதான் சொன்னது. காந்தத்துக்கு நடுவில் வைத்தால் ஒரு நிறமாலைக் கோடு பிளவுபடும் என்பதை 1896-இல் நெதர்லாந்தின் சீமான் கண்டுபிடித்தார். 1908-இல் அமெரிக்காவின் ஹேல் இதை வைத்துச் சூரியப் புள்ளிகளில் காந்தம் இருப்பதைக் காட்டினார். 1947-இல் ஹொரேஸ் பாப்காக், 78 வெர்ஜினிஸ் என்ற நட்சத்திரத்தில் காந்தம் இருப்பதைக் கண்டார். சூரியனைத் தவிர வேறு ஒரு நட்சத்திரத்தில் காந்தம் தெரிந்தது அதுவே முதல் முறை. 1960-இல் அவர் கண்ட இன்னொரு நட்சத்திரத்தின் காந்தபலம் 34,000 காஸ். நம் பூமியுடையது அரை காஸ்தான்!

கொடைக்கானலும் காவலூரும்

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஒளி நகர்வதை வைத்துப் படிக்கும் இந்த வித்தையில் தமிழ்நாட்டு மலை ஒன்றுக்கு உலகப் புகழ் உண்டு. 1909 ஜனவரியில் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் கோடுகள் ஓரமாக நகர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளியிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுகிறது என்பது அதனால் தெரிந்தது. அதற்கு இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

நட்சத்திரக் கோடுகளைப் படித்துப் பொருளின் அளவைக் கணக்கிட ஒரு சூத்திரம் வேண்டும். கோடு அழுத்தமாக இருந்தாலே பொருள் அதிகம் என்று சொல்லிவிட முடியாது; வெப்பமும் கோட்டை மாற்றும். அந்தச் சூத்திரத்தை 1920-இல் தந்தவர் நம் மேகநாத சாஹா. இன்றும் அது இல்லாமல் இந்தக் கணக்கு நடக்காது.

திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதன் பொன்விழாவை 2022 டிசம்பரில் கொண்டாடினார்கள். 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இருக்கிறது. அந்த ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்புவின் பெயரே அதற்கு. அதில் சேரும் நட்சத்திர ஒளியைக் கண்ணாடி இழை வழியே ஒரு நிறமாலைமானிக்கு அனுப்புகிறார்கள். அது 72,000 என்ற பிரிதிறன் வரை போகும். அப்படியென்றால் என்ன? 500 நானோமீட்டர் ஒளியில் 0.007 நானோமீட்டர் வித்தியாசத்தையும் பிரித்துக் காட்டும். அங்கிரஸின் ஒரு கோடு சுமார் 0.12 நானோமீட்டர் அகலத்துக்கு விரிகிறது. வகுத்துப் பாருங்கள். ஒரே கோட்டைப் பதினாறு, பதினேழு துண்டாக நறுக்கலாம்!

வடக்கே நைனிடால் ஆய்வாளர்களும் தென்னாப்பிரிக்காவின் கேப் ஆய்வாளர்களும் சேர்ந்து, இந்த வகை நட்சத்திரங்களில் சில நிமிடத்துக்கு ஒரு முறை துடிப்பவற்றைத் தேடினார்கள். எச்டி 12098 என்ற நட்சத்திரம் 7.6 நிமிடத்துக்கு ஒரு முறை துடிக்கிறது என்பதைக் கண்டு 2001-இல் அறிவித்தார்கள்.

இதில் நமக்கு என்ன?

முதல் பாடம் இது. அங்கிரஸை ஒரே ஒரு இரவு பார்த்துவிட்டு, 'இதில் குரோமியம் இவ்வளவு' என்று எழுதினால் தப்பாகிவிடும். இரண்டு நாள் கழித்துப் பார்ப்பவருக்கு வேறு கணக்கு வரும். முழுச் சுற்றும் பார்த்தவருக்குத்தான் உண்மை தெரியும். பட்டாசு விஷயமும் அப்படித்தான். ஒரு பெட்டியைப் பார்த்து, ஊர் முழுக்க ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பெட்டியைப் பார்த்து, எல்லாம் சுத்தம் என்றும் சொல்லிவிட முடியாது. டெல்லிக் குழந்தையின் மூச்சுக்கும் சிவகாசித் தொழிலாளியின் சோற்றுக்கும் நியாயம் கிடைக்க வேண்டுமானால், பல மாதிரிகளை, பல முறை, யாருக்கும் சாயாமல் சோதிக்க வேண்டும். சோதனை நேர்மையாக இருந்தால் ஒழுங்காகத் தயாரிப்பவருக்கும் அது பாதுகாப்புதான்.

பேரியம் இல்லாமல் பளிச்சென்று எரியும் பச்சையை யார் கண்டுபிடிப்பார்கள்? வேதியியல் படித்த ஒரு திருவேங்கடத்துப் பெண்ணாகவோ பையனாகவோ இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! மருந்தின் மணம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே அதன் அருமையும் ஆபத்தும் தெரியும்.

இரண்டாவது பாடம் வானத்தைப் பற்றியது. ஊர் விளக்குகள் மேல்நோக்கி ஒளி வீச வீச, வானம் வெளுத்துக்கொண்டே போகிறது. நட்சத்திரத்தின் மெல்லிய கோட்டைத் தெரு விளக்கின் வெளிச்சம் அமுக்கிவிடும். காவலூர் போன்ற ஆய்வகங்களுக்கு இது பெரிய கவலை. அதனால்தான் 2022-இல் லடாக்கின் ஹான்லே பகுதியை இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே ஊர் மக்களே விளக்குகளுக்கு மூடி போட்டு, தேவையான அளவு மட்டும் எரிக்கிறார்கள். இருட்டைக் காப்பாற்றுவதும் ஒரு சேவைதான். உங்கள் வீட்டு வாசல் விளக்குக்கு மேலே ஒரு தகடு வைத்தால் வெளிச்சம் தரைக்கு வரும், மின்சாரமும் வீணாகாது.

செய்து பாருங்கள்

ஒரு பழைய சி.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் அறையை இருட்டாக்கி, ஒரு குழல் விளக்கின் ஒளி சி.டி.யின் பளபளப்பான பக்கத்தில் சாய்வாகப் படும்படி பிடியுங்கள். தனித்தனி நிறப் பட்டைகள் தெரியும். அடுத்து எல்.இ.டி. பல்பில் பாருங்கள். பிறகு அகல் விளக்கில் பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறதா? வித்தியாசத்தை நோட்டில் வரைந்து வையுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கையெழுத்து இருப்பது புரியும். எச்சரிக்கை: சூரியனை நேராகவோ சி.டி. வழியாகவோ பார்க்கவே கூடாது. பட்டாசு மருந்தைப் பிரித்து எரித்துப் பார்க்கும் விளையாட்டும் கூடவே கூடாது.

கரிசல் காட்டை 'வானம் பார்த்த பூமி' என்பார்கள். மழைக்காக அண்ணாந்து பார்க்கும் பூமி என்று அர்த்தம். அந்தப் பூமியின் பிள்ளைகளுக்கு அண்ணாந்து பார்ப்பதைச் சொல்லித் தரவா வேண்டும்? அடுத்த கோடை விடுமுறையில் மாடிக்குப் போனால், வசிஷ்டரையும் அருந்ததியையும் பார்த்த கையோடு, பக்கத்தில் இருக்கும் அங்கிரஸையும் ஒரு நிமிடம் பாருங்கள். அங்கேயும் ஸ்ட்ரான்ஷியம் இருக்கிறது; எந்தப் பக்கத்தில் என்பதுகூட நமக்குத் தெரியும் என்று தம்பி தங்கைக்குச் சொல்லுங்கள்.

'அங்கே போகாமலே எப்படித் தெரியும்?' என்று அவர்கள் கேட்பார்கள். பச்சை மத்தாப்பிலிருந்து கதையைத் தொடங்குங்கள்.